வாஸ்லின் தடவிய திருடன்

"ஒரு பாட்டுப் பொட்டி தொலைஞ்சதுக்கே டிடெக்டிவ்னா, நாளைக்கு ஹாரன் தொலைஞ்சா மிலிட்டரிய கூப்டுவாங்களா மேடம்?"

சின்னராசு இதைக் கேட்டபோது ஆம்னி வேன் பெரியபாளையத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் புவனேஸ்வரி கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். பதில் வரவில்லை. அவன் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவள் வழக்கம். ஆழ்ந்து கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்பது சின்னராசுவின் நம்பிக்கை. அந்தத் தைரியத்தில், திருவள்ளூரில் ஆரம்பித்த பேச்சை அவன் இன்னும் நிறுத்தவில்லை.

புவனேஸ்வரி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவள். பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் கை தேர்ந்து, கடைசியில் அதையே தொழிலாக்கி, திருவள்ளூரில் ஒரு மாடி அறையில் 'புவனா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருகிறவர், வம்பளக்கிறவர் என்று எல்லாப் பதவியும் சின்னராசு ஒருவனுக்கே. அந்த ஏகபோகத்தில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. வேறொருவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் பொறுக்க மாட்டான்.

கேஸ் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் மில் வைத்திருக்கும் ஆதிகேசவன் புதிதாக ஒரு இன்னோவா வாங்கினார். ஊரில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் இல்லாத இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்தில், அவருக்குக் காருக்குள் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கவரப்பேட்டையில் ஷெட் போட்டிருக்கும் தௌஹீத் அதைச் செய்து கொடுத்தான். முன்னால் விரலால் தொட்டு வேலை வாங்கும் ஒரு திரை, பின்சீட்டில் இருப்பவர்கள் படம் பார்க்க இரண்டு திரை, சீட்டுக்கடியில் ஒரு பெட்டிக்குள் கம்ப்யூட்டர். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில்தான் பாட்டு, படம் எல்லாமே அடக்கம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆதிகேசவன் மற்ற மில் முதலாளிகளை ஏற்றிக்கொண்டு சோழவரம் ஏரிப் பக்கம் போனார். வழியில் பெருமையாகத் திரையைத் தொட்டார். திரை கறுப்பாக முழித்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹார்டு டிஸ்க் இல்லை. கூட வந்தவர்கள் ஊர் வந்து சேரும்வரை சிரித்தார்கள். அன்று காலை ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது என்று அதைச் சரி செய்ய தௌஹீத் மில்லுக்கு வந்து தனியாக வண்டியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஆதிகேசவனுக்கு அது போதும். இன்று சாயங்காலத்துக்குள் அவன்தான் எடுத்தான் என்று புவனேஸ்வரி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் நிரூபிக்காவிட்டாலும் அவர் போலீசுக்குப் போகப் போகிறார்.

"நேத்து பூரா அந்த சபரிநாதன் பின்னாடி நாய் மாதிரி அலைஞ்சோம்," என்றான் சின்னராசு. "கடைசில இன்னா? அன்னிக்கு அந்தாளு திருப்பாச்சூர் கோயில்ல புள்ளைக்கு காது குத்திக்கினு கீறான். பாதி ஊரு சாட்சி. நானும் இருந்திருந்தா பொங்கலாவது கெடைச்சிருக்கும்."

சபரிநாதன் திருவள்ளூரில் கார் ஸ்டீரியோ கடைக்காரர். 'அந்தப் பொட்டி எத்தினி நாளைக்குப் பாடுதுன்னு நானும் பாக்குறேன்' என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். பொறாமை அவரிடம் வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கமே வரவில்லை. மிச்சமிருந்தது தௌஹீத் மட்டும்.

கவரப்பேட்டை வந்ததும் புவனேஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே ஈயம் உருகும் வாசனை. வெள்ளைச் சட்டையில் ஒரு சின்னக் கறைகூட இல்லாமல், ஒட்ட வெட்டிய தாடியோடு எழுந்து வந்தான் தௌஹீத். பழவேற்காட்டுத் துணிக்கடைக் குடும்பத்துப் பையன். துணியை விட்டுவிட்டு வயரைப் பிடித்தவன்.

"வாங்க மேடம். என்னைப் பிடிக்கத்தானே வந்திருக்கீங்க?"

"பிடிக்கிறதுக்கு முன்னாடி புரிஞ்சுக்கணும்ல," என்றாள் புவனேஸ்வரி. "அந்த வண்டில என்னதான் பண்ணீங்க? காட்டுங்க."

மேஜைமேல் வேறொரு காருக்கான பெட்டி பாதி வேலையில் இருந்தது. சப்பாத்திப் பலகை அளவில் ஒரு போர்டு. அதிலிருந்து கிளம்பிய வயர்களை நிறம் நிறமாகப் பிரித்து, கலைந்துவிடாமல் கட்டி வைத்திருந்தான்.

"ஊட்டுல கரண்ட்டு ஒரே மாதிரி வரும் மேடம். கார்ல அப்படி இல்ல. சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்றப்போ பாட்டரில இருக்கிறத மொத்தமா இஞ்சினே உறிஞ்சிடும். அந்த நேரத்துல கம்ப்யூட்டர் செத்துடும். அதுக்குத்தான் இந்தச் சின்ன போர்டு. இது நானே பண்ணது. இஞ்சின நிறுத்துனாலும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிச்சு, கம்ப்யூட்டர நிதானமா படுக்க வெச்சிட்டுத்தான் இது படுக்கும்."

புவனேஸ்வரி குனிந்து அந்தப் போர்டையே பார்த்தாள்.

"அழகா பண்ணியிருக்கீங்க," என்றாள்.

சின்னராசுவுக்குச் சுருக்கென்றது. அவளிடம் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஆம்னியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் மாற்றி, பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள்கிறான். அவள் அதிகபட்சமாகக் கொடுத்த பாராட்டு 'ஓடுதில்ல, போதும்' என்பதுதான். அழகா என்ற வார்த்தை அவள் வாயில் இருக்கிறது என்பதே அவனுக்கு இன்றுதான் தெரியும். அது எவனோ ஒருவனுடைய போர்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அந்த டிஸ்க்கு இன்னா சைஸு இருக்கும் தம்பி?" என்றான், வேண்டுமென்றே முரட்டுக் குரலில்.

தௌஹீத் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். "லேப்டாப்ல போடுறது அண்ணே. ஆட்டம் தாங்கும். பாட்டு கேசட் அளவுதான் இருக்கும்."

"சொக்கா பாக்கெட்டுல போட்டுக்கினு போயிடலாம்னு சொல்லு."

"போயிடலாம். நான் போகல." தௌஹீத் அவன் கண்ணை நேராகப் பார்த்தான். "அண்ணே, என் தொழிலே மத்தவங்க கார் சாவிய நம்பி என் கைல குடுக்கிறதுதான். ஸ்டேஷன்ல ஒரு தடவை என் பேரு எழுதிட்டாங்கன்னா, அப்புறம் எவன் குடுப்பான்? இந்த ஷெட்டை மூடிட்டு மறுபடி துணி கிழிக்கத்தான் போகணும்."

பேச்சில் பிசிர் இல்லை. சின்னராசுவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. குற்றவாளி என்றால் கொஞ்சமாவது திணற வேண்டாமா?

"நீங்களும் மில்லுக்கு வாங்க," என்றாள் புவனேஸ்வரி. கிளம்பும்போது வாசலில் நின்று, போகிறபோக்கில் கேட்டாள்: "நம்ம ஆம்னில இப்படி ஒண்ணு வைக்க முடியுமா?"

"தாராளமா வைக்கலாம் மேடம். சின்னதா, பாட்டுக்கு மட்டும்."

போயிற்று. சின்னராசுவின் வயிறு திகுதிகுவென்று எரிந்தது. ஆம்னியில் பாட்டு இல்லாத குறையைத்தான் அவன் இத்தனை நாளாகப் பேசிப் பேசித் தீர்த்து வைத்திருந்தான். பெட்டி ஒன்று வந்து பாட ஆரம்பித்தால் அவனுக்கு என்ன வேலை? ஸ்டியரிங் பிடிக்கிற இரண்டு கைதான் மிச்சம்.

கும்மிடிப்பூண்டி போகும் வழியெல்லாம் இன்னொரு கொடுமை நடந்தது. பின்சீட்டில் தௌஹீத் பேசிக்கொண்டு வந்தான். புவனேஸ்வரி திரும்பி உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். சின்னராசு இரண்டு ஜோக் அடித்துப் பார்த்தான். இரண்டும் சாலையிலேயே விழுந்து அடிபட்டன. இவன்தான் திருடன், இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்தபோது வண்டி சிப்காட்டுக்குள் நுழைந்தது.

சிப்காட்டில் மில்கள் இருக்கும் பக்கம் காற்றிலேயே இரும்பு இருக்கும். காலையில் துடைத்த கண்ணாடி மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். சட்டைக் காலர் அதற்கும் முன்னால்.

ஆதிகேசவன் மில் வாசலிலேயே நின்றிருந்தார். பருத்த உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி.

"இன்னா நைனா, நீயே வந்துட்டியா? நல்லதாப் போச்சு, ஜீப்புக்கு கவரப்பேட்டை வரைக்கும் அலைச்சல் மிச்சம்," என்றார் தௌஹீத்தைப் பார்த்து. பிறகு புவனேஸ்வரியிடம் திரும்பினார். "எஸ்.ஐ.க்குச் சொல்லிட்டேம்மா. வந்துகினு கீறாரு. அன்னிக்கு இவன் வெளிய போறப்போ என் செக்யூரிட்டி பையத் தொறந்துதான் பாத்தான். ஆனா உள்ளாற கெடக்கிறதுல எது டிஸ்க்கு, எது பிஸ்கெட்டுன்னு அவனுக்குத் தெரியுமா? அதான் நேத்து ஆள வுட்டு அந்தப் பைய அப்படியே புடுங்கியாந்து வெச்சிக்கிறேன்."

பை அவர் அறையில் மேஜைமேல் கொட்டப்பட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர்கள், ஈயம் வைக்கிற கம்பி, கரண்ட்டு பார்க்கிற மீட்டர், கறுப்பு டேப், துண்டு துண்டாக வயர். புவனேஸ்வரி எதையும் தொடாமல் ஒரு முறை பார்த்துவிட்டு, "வண்டி எங்க?" என்றாள்.

இன்னோவா கொட்டகை நிழலில் நின்றது. டிரைவர் முனுசாமி மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. புவனேஸ்வரியைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

சீட்டுக்கடியில் இருந்த பெட்டியைத் தௌஹீத் திறந்து காட்டினான். டிஸ்க் இருந்த இடம் காலி. ஒரு வயர்கூட அறுபடவில்லை. ஒரு திருகுகூடக் குறையவில்லை. எடுத்தவன் நிதானமாக எடுத்து, மூடி, தரைவிரிப்பைக்கூட நேராகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"திரை மூணும் அப்படியே இருக்கே," என்றாள் புவனேஸ்வரி. "விலைன்னு பார்த்தா அதுங்கதானே ஜாஸ்தி?"

"ஆமா மேடம். டிஸ்க்கு அதுல கால்வாசிகூட வராது."

"கரண்ட்டு ஓடுறப்போ டிஸ்க்கைக் கழட்ட முடியுமா?"

"கழட்டுனா போர்டு புகைஞ்சிடும். நான் கழட்டுறதா இருந்தா முதல்ல இத அமுக்குவேன்." ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு ஒரு மூடியை நகர்த்தினான். உள்ளே குண்டாக ஒரு சின்ன சுவிட்ச். "இது என் சிஸ்டத்துக்கு மட்டும் கரண்ட்ட வெட்டிடும். திருட்டுக்குப் பயந்து யாருக்கும் சொல்லாம ஒளிச்சு வெச்சது. சாருக்கே தெரியாது."

"பாத்தியா, பாத்தியா," என்றார் ஆதிகேசவன். "இவனுக்கு மட்டுந்தான் தெரியுமாம். அவனே ஒத்துக்கினான்!"

சின்னராசுவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. புவனேஸ்வரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

"சின்னராசு, இஞ்சின் பக்கம் ஏதாச்சும் இருக்கான்னு பாரு."

அவன் பானெட்டைத் தூக்கினான். எல்லாவற்றின்மேலும் மெல்லிசாகக் கறுப்புப் பொடி. பாட்டரியைப் பார்த்தான். குனிந்தான். ஒரு முனையில் விரலை வைத்துத் தேய்த்தான். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தான். வாஸ்லின். பாட்டரி முனை அரிக்காமல் இருக்கத் தடவுவது. மேலே ஒரு தூசி ஒட்டாத, பளபளவென்ற புது வாஸ்லின். அடுத்த முனையைத் தொட்டான். அதில் தடவியிருந்த வாஸ்லின் பழசாகி, இரும்புப் பொடி அப்பி, கட்டித் தாராகியிருந்தது.

ஒரு நொடியில் சின்னராசுவுக்கு விளங்கிவிட்டது. இதைத் தொட்டவன் தௌஹீத் இல்லை. ஒளித்து வைத்த சுவிட்சைக் கையில் வைத்திருக்கிறவன் பாட்டரியை ஏன் கழற்றப் போகிறான்?

"என்ன இருக்கு?" என்று உள்ளிருந்து கேட்டாள் புவனேஸ்வரி.

'அழகா பண்ணியிருக்கீங்க' என்ற அவள் குரல் சின்னராசுவின் காதில் மறுபடி ஒலித்தது.

"ஒண்ணுமில்ல மேடம்," என்று பானெட்டைச் சாத்தினான். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

முதலாளியும் புவனேஸ்வரியும் செக்யூரிட்டியை விசாரிக்கப் போனார்கள். தௌஹீத் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். முனுசாமி எங்கிருந்தோ இரண்டு டீ கொண்டுவந்து ஒன்றைச் சின்னராசுவிடம் நீட்டினார். டிரைவருக்கு டிரைவர் காட்டுகிற மரியாதை அது.

"இன்னாண்ணே, பொட்டி பாடாம பேஜாரா கீதா?" என்றான் சின்னராசு, சும்மா பேச்சுக்கு.

"இன்னாத்துக்கு பேஜாரு?" முனுசாமியின் முகம் மலர்ந்தது. "நேத்து மெட்ராஸ் வரைக்கும் மொதலாளி பேசிக்கினே வந்தாருப்பா. கம்பி வெல, பொண்ணு படிப்பு, காலு வலி, அல்லாம். பாடி சிக்னல் தாண்டுறப்போ என் பையனப் பத்திகூட கேட்டாரு. எத்தினி நாளாச்சு தெரியுமா?"

சின்னராசுவின் கையில் டீ அப்படியே நின்றது.

"முன்னல்லாம் பழைய வண்டில கால வெச்ச ஒடனே 'முனுசாமி, ஒரு பாட்டு போடு'ன்னுவாரு. இன்னா பாட்டுன்னு சொல்ல மாட்டாரு. மொகத்தப் பாத்து நானே போடுவேன். லாஸு ஆன அன்னிக்கி ஒண்ணு, ஊட்டம்மாவோட சண்டைன்னா ஒண்ணு. அது எனுக்குத்தான் தெரியும். அந்தப் பொட்டி வந்துச்சு, மனுசன் அத்தயே தடவிக்கினு ஒக்காந்தாரு. என்கிட்ட லெப்ட்டு, ரைட்டு, நிறுத்து. அவ்ளோதான்." முனுசாமி டீயை ஒரே மடக்கில் குடித்தார். "வுடு. இப்ப அது இல்ல."

அந்த முகத்தின் சந்தோஷத்தைச் சின்னராசு அடையாளம் கண்டுகொண்டான். காலையிலிருந்து அவன் வயிற்றில் எரிகிற அதே நெருப்பு இன்னொருத்தர் வயிற்றில் அணைந்தால் முகம் இப்படித்தான் இருக்கும். இந்த மனுஷன் செய்ததை, சந்தர்ப்பம் கிடைத்திருந்தால், தானும் செய்திருப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. டிஸ்க்கை எடுத்தவர் பொறாமையில் எடுத்தார். அதை வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு நிற்கிற தானும் அதே பொறாமையில்தான் நிற்கிறோம்.

தூணருகே தௌஹீத்தின் செல்போன் அடித்தது. "வேலையா இருக்கேம்மா. சாயங்காலம் வந்துடுவேன். நீங்க சாப்பிடுங்க," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் உள்ளங்கையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஆதிகேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். பின்னால் புவனேஸ்வரி, அவசரமே இல்லாமல்.

"வந்துட்டாரு. தம்பி, நடப்பா."

"கொஞ்சம் இரு சார்!" சின்னராசு குறுக்கே வந்து நின்றான். "ஜீப்பு கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும். நீ இங்க வா. இத்தப் பாரு."

பானெட்டை மறுபடி தூக்கினான். "இந்த முனைல புது வாஸ்லின். அந்த முனைல பழசு. சர்வீஸ் பண்றவன் ரெண்டுலயும் தடவுவான். ஒண்ணுல மட்டும் தடவிக்கிறான்னா, அந்த ஒண்ணத்தான் கழட்டி மாட்டிக்கிறான். உங்க சிப்காட்டு பொடில ஒரு வாரம் ஆனா தாராயிடும். இது இன்னும் வெள்ளையா கீது. ரெண்டு மூணு நாளு வேல."

"அதான் சொல்றேன், இவன்தான்..."

"தம்பிகிட்டதான் சுவிட்ச்சு கீதே. பாட்டரிய எதுக்குக் கழட்டணும்? சரி, கழட்டுச்சின்னே வெச்சிக்க. எதால? உன் மேஜ மேல கொட்டி வெச்சிக்கிறியே, அதுல ஒரு ஸ்பேனர் கீதா பாரு. வாஸ்லின் டப்பா கீதா பாரு. சுவிட்ச்சு தெரியாத ஒருத்தன், வண்டிக்கு ஷாட் ஆயிடக் கூடாதேன்னு பயந்து, பாட்டரிய கழட்டிட்டுத்தான் டிஸ்க்குல கைய வெச்சிக்கிறான். திரும்ப மாட்டுறப்போ கையி சும்மா இல்ல. தொடச்சி, வாஸ்லின் தடவி மாட்டிக்கிறான். திருட வந்தவன் எவனாச்சும் வண்டிக்கு வைத்தியம் பாத்துட்டுப் போவானா சார்?"

"பாட்டரி கழட்டுனது நெஜம்தான்," என்றாள் புவனேஸ்வரி. "உள்ள கடிகாரம் கண்டபடி ஓடுது. பாட்டரி தொடுப்பு போனா அது முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அப்புறம் யாரும் திருப்பி வைக்கல."

ஆதிகேசவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப யாரு?"

பெயரைச் சொல்லச் சின்னராசுவுக்கு மனசு வரவில்லை. ஆனால் வண்டியில் டிரைவரைத் தவிர யாரும் கை விடாத இடம் எது என்று அவனுக்குத் தெரியும். முனுசாமியைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இந்த வண்டில ஜாக்கி எங்க வெச்சிக்கிற?"

முனுசாமி மஞ்சள் துணியை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க இடம் இல்லை. போய்ப் பின்கதவைத் திறந்து, ஜாக்கி வைக்கும் குழியிலிருந்து ஒரு பிஸ்கெட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியின் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பாட்டு கேசட்டுகள். நடுவில், கேசட்டோடு கேசட்டாக, துணி சுற்றிய ஹார்டு டிஸ்க்.

"வண்டிய வுட்டு நான் எத்தயும் வெளிய எடுக்கல மொதலாளி," என்றார். "நான் திருடன் இல்ல."

"இந்தக் கேசட்ட தூக்கிப் போடச் சொன்னேனேடா!"

"போட மனசு வரல."

ஆதிகேசவனின் முகம் சிவந்தது. "ஏன்டா? இன்னா கொற வெச்சேன் உனுக்கு? என்ன அத்தினி பேருக்கு முன்னாடி தல குனிய வெச்சியேடா! இந்தப் பையனப் புடிச்சிக் குடுக்க இருந்தேனே!"

"தம்பி மேல பழி வுழும்னு எனுக்குத் தோணல மொதலாளி. அப்புறம் வாயத் தொறக்க பயமாயிடுச்சி." முனுசாமி தௌஹீத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து நீங்க என்கூட பேசவே இல்ல. வண்டி ஓடுது, அத்த யாரோ ஓட்டுறாங்கன்னே உங்களுக்குத் தெரியல."

ஆதிகேசவன் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப்புக்குப் போய் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பும்படி செக்யூரிட்டிக்குக் கையைக் காட்டினார். பிறகு தௌஹீத்தின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுஷர்.

"எங்க மச்சான் ஒரு ஸ்கார்பியோ எடுத்துக்கிறாரு. உன்கிட்ட அனுப்புறேன்," என்றார்.

"மச்சான் வண்டி வரட்டும் சார். முதல்ல, இங்க நின்னு பாத்தவங்க எல்லாருக்கும் நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கொட்டகையில் இருந்தவர்களுக்கும், கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

தௌஹீத் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு டின்னைக் காட்டினான். "அண்ணே, இதையும் குடுங்க. அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன். எந்தப் பாட்டு எப்பன்னு நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும்."

முனுசாமி டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெகுநேரம் யோசித்து, மனசே இல்லாமல் நீட்டினார்.

"ஒண்ணுகூட காணாமப் போவக் கூடாது தம்பி," என்றார்.

யாரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தவன் தௌஹீத்.

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. இன்னோவாவின் பின்கதவு வரை போனார். நின்றார். சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடு முனுசாமி. ஊட்டுக்குப் போற வரைக்கும் உன்னத் திட்டணும்."

முனுசாமி ஓடிப் போய் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டும்போது ஆதிகேசவன் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. திட்டு வாங்குகிறவரின் முகத்தில் பண்டிகைக் களை. பார்த்துக்கொண்டு நின்ற சின்னராசுவுக்கு, கடவுளே, இப்போது முனுசாமியின் மேலும் பொறாமையாக இருந்தது.

தௌஹீத் பையோடும் டின்னோடும் மில் வண்டியில் கவரப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டதால், திரும்பும்போது ஆம்னியில் அவர்கள் இருவர்தான். சிப்காட் முடிகிறவரை சின்னராசு வாயைத் திறக்கவில்லை.

"பானெட்டை மூடிட்டு விரலை பேண்ட்ல தொடைச்ச," என்றாள் புவனேஸ்வரி. "ஒண்ணுமில்லாத இடத்துல எப்படிடா விரல் வழுக்கும்?"

சின்னராசுவின் கால் பிரேக்கில் விழுந்தது. "அப்ப உங்களுக்கு..."

"கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் உன்னை இஞ்சினைப் பாக்கச் சொன்னேன். கழட்டுனாங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். ஜீப் வர்ற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். இன்னொரு தடவை என்கிட்ட மறைச்ச, வண்டி சாவி என்கிட்ட வந்துடும்."

"தப்புதான் மேடம்." எது கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைக் கேட்காமல் அவனால் இருக்க முடியாது. "அந்தப் பொட்டி... நம்ம வண்டிக்கு... எப்ப வெக்கிறாரு?"

"கிளம்புறப்போ சும்மாவே பண்ணித் தர்றேன்னுதான் சொன்னாரு. வேணாம்னுட்டேன்."

சின்னராசுவுக்குள் மத்தளம் கொட்டியது. "ஏன் மேடம்?"

"பாட்டு ஓடுனா எனக்குத் தூக்கம் வராது."

அவன் அதை ஒரு பர்லாங் தூரம் யோசித்தான். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை, வேப்பம்பட்டு, ஆவடி என்று அவன் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம், மூடிய அந்தக் கண்களெல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக அவன் முன்னால் வந்து நின்றன.

"அப்ப நான் பேசுறப்போ நீங்க..."

பதில் வரவில்லை. பக்கத்து இருக்கையில் புவனேஸ்வரி சாய்ந்து கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

கோபப்படலாமா என்று சின்னராசு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, அவளைத் தூங்க வைக்கிற இந்த வேலையைச் செய்ய எந்தப் பெட்டியாலும் முடியாதே என்ற நினைப்பு வந்தது. எதிரே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் முழித்துவிடாதபடி வண்டியை ஓரமாக ஒடித்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தான்.

"அதான் மேடம், அந்த ஹாரன் மேட்டரு..."